ஆலும் வேலும் பல்லுக்குறுதியா? வாய் பாக்டீரியாவுக்கு எதிராகத் தாவரச் சாற்றைச் சோதிக்க முழுமையான வழிகாட்டி

'ஆலும் வேலும் பல்லுக்குறுதி' என்பதை நம் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த நம்பிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு பல் மருத்துவக் கல்லூரிகளிலும் நுண்ணுயிரியல் துறைகளிலும் மாணவர்கள் தொடர்ந்து புராஜெக்ட் செய்துகொண்டே இருக்கிறார்கள். பெரும்பாலும் ஒரே பாதைதான். பட்டையை மெத்தனாலில் ஊறப்போடுவது, அகார் பிளேட்டில் குழி வெட்டி ஊற்றுவது, மறுநாள் குழியைச் சுற்றிக் கிருமி வளராத வட்டத்தை, அதாவது ஜோனை, ஸ்கேல் வைத்து அளப்பது, 'நல்ல எதிர்ப்புத் திறன் உள்ளது' என்று எழுதி முடிப்பது. இதனால் செடிக்கும் நியாயம் கிடைப்பதில்லை, அதை நம்பிப் பல் துலக்கியவர்களின் அனுபவத்துக்கும் மரியாதை கிடைப்பதில்லை.

ஜோன் ஒரு தொடக்கம் மட்டுமே. நம்பக்கூடிய விடை வேண்டுமானால் பாக்டீரியா போடாத குழியையும் சாறு போடாத குழியையும் சாறு போட்ட குழிக்குச் சமமாக மதிக்க வேண்டும். கீழே உள்ள முறை முதுநிலை மாணவர் ஒருவர் சாதாரணக் கல்லூரி ஆய்வகத்தில் செய்யக்கூடியது. வீட்டில் செய்யக்கூடியது அல்ல. இரண்டாம் நிலை உயிரிப் பாதுகாப்பு உள்ள அறையும், பாதுகாப்புக் கேபினெட்டும், ஆட்டோகிளேவும் கட்டாயம் வேண்டும்.

படி 1: எந்த நோய், எந்தக் கிருமி?

வாயில் 700-க்கும் மேற்பட்ட பாக்டீரியா இனங்கள் காணப்படுகின்றன. 'வாய்க் கிருமி' என்று பொத்தாம்பொதுவாகச் சோதனை செய்ய முடியாது. கேள்வி பல் சொத்தை பற்றியதா, ஈறு நோய் பற்றியதா, வேர் சிகிச்சைக்குப் பிறகு திரும்பும் தொற்று பற்றியதா என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

சொத்தை என்றால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ். 1924-இல் கிளார்க் என்பவர் சொத்தைப் பற்களிலிருந்து பிரித்தெடுத்து விவரித்த பாக்டீரியா இது. நாம் தின்னும் சர்க்கரையை வைத்து இரண்டு வேலை செய்கிறது. குளுக்கோசில் டிரான்ஸ்ஃபரேஸ் என்ற நொதிகளால் சுக்ரோஸைப் பிசுபிசுப்பான குளுக்கானாக மாற்றிப் பல்லில் ஒட்டிக்கொள்கிறது. கூடவே லாக்டிக் அமிலத்தைச் சுரக்கிறது. பல்லோரத்தில் பிஎச் ஏறக்குறைய 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். இந்த இரண்டு வேலைகளையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கிருமியைக் கொல்லாமலேயே இவற்றில் ஒன்றைத் தடுக்கும் சாறும் பயனுள்ள சாறுதான். ஜோன் அதைக் காட்டவே காட்டாது.

ஈறு நோய்க்குப் போர்ஃபைரோமோனாஸ் ஜின்ஜிவாலிஸ் வேண்டும். அது காற்றில்லாச் சூழலில்தான் வளரும், ஹீமினும் வைட்டமின் கே-யும் கேட்கும், பொறுமையும் கேட்கும். வேர் சிகிச்சை தோற்ற பற்களில் அடிக்கடி அகப்படுவது என்டெரோகாக்கஸ் ஃபீக்காலிஸ், வளர்ப்பது சுலபம். மியூட்டன்ஸில் மட்டும் சோதித்துவிட்டு 'ஈறு நோய்க்கு நல்லது' என்று எழுதாதீர்கள்.

இங்கே மியூட்டன்ஸை எடுத்துக்கொள்வோம். சண்டிகரில் உள்ள எம்டிசிசி நுண்ணுயிர்ச் சேமிப்பகத்திலிருந்து 890 என்ற எண்ணுள்ள கல்ச்சரை வரவழைக்கலாம். அமெரிக்க ஏடிசிசி சேமிப்பகத்தின் 25175, மரபணுத் தொகுதி முழுதும் 2002-இல் வெளியான யுஏ159 ஆகியவையும் உலகெங்கும் பயன்படுபவை. நோயாளிகளின் எச்சிலிலிருந்தோ பற்படலத்திலிருந்தோ பிரித்தெடுக்க வேண்டுமானால் மனித ஆய்வுக்கான நெறிமுறைக் குழுவின் அனுமதி முதலில் வரட்டும். பாசிட்ராசினும் 20 சதவீதம் சுக்ரோஸும் சேர்த்த மைட்டிஸ் சலிவாரியஸ் அகாரில் வளரும் நீலக் காலனி எல்லாமே மியூட்டன்ஸ் என்று நினைத்துவிடக் கூடாது. அதன் நெருங்கிய உறவான சோப்ரினஸும் அதே அகாரில் வளரும். 16எஸ் மரபணு வரிசையைப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

படி 2: சரியான மரத்திலிருந்து சரியான பாகம்

பாதி ஆய்வுகள் இங்கேயே கெடுகின்றன. 'வேலங்குச்சி' என்று கேட்டால் ஊரில் சீமைக்கருவேலத்தை ஒடித்துக் கொடுத்துவிடுவார்கள். அது அமெரிக்கக் கண்டங்களின் வெப்பப் பகுதியிலிருந்து வந்த வேறு பேரினம். கருவேலத்துக்குப் பூ உருண்டையாக, மஞ்சளாக இருக்கும். வெண்சாம்பல் நிற நெற்று விதைக்கு விதை இடுங்கியிருக்கும். சீமைக்கருவேலத்துக்குப் பூங்கொத்து நீண்டு தொங்கும். நெற்றும் அப்படி இடுங்காது. வெள்வேலமும் குடைவேலமும் வேறு மரங்கள். பூவும் நெற்றும் உள்ள கிளையாகப் பறித்து, அழுத்தி உலர்த்தி, கோவையிலுள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்திலோ திருச்சி ராபினட் ஹெர்பேரியத்திலோ அடையாளம் உறுதி செய்து சான்று மாதிரி எண் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த எண் இல்லாத ஆய்வை இன்னொருவர் திருப்பிச் செய்ய வழியே இல்லை.

பாகமும் முக்கியம். மக்கள் மென்றது ஆலின் இளம் விழுதையும் கருவேலின் இளங்குச்சியையும்தான். ஆல இலையைச் சோதித்துவிட்டு முன்னுரையில் பழமொழியை மேற்கோள் காட்டுவது பொருந்தாது. பறித்த இடம், தேதி, மரத்தின் வயது எல்லாவற்றையும் நோட்டில் குறியுங்கள். பட்டையின் துவர்ப்புச் சத்தான டானின் மரத்துக்கு மரம், பருவத்துக்குப் பருவம் மாறும்.

காப்புரிமை கேட்கும் எண்ணமோ வெளிநாட்டுக் கூட்டாளியோ இருந்தால், 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம் உங்களுக்குப் பொருந்தும். சென்னையிலுள்ள தேசிய ஆணையத்தின் விதிகளைத் தொடக்கத்திலேயே பாருங்கள்.

படி 3: உலர்த்தி, அரைத்து, சாறெடுத்தல்

குச்சியைக் கழுவி, சிறு துண்டுகளாக்கி நிழலில் உலர்த்துங்கள். அவன் பயன்படுத்தினால் 40 டிகிரியைத் தாண்ட வேண்டாம். மிக்ஸியில் அரைத்து ஒரே அளவுச் சல்லடையில் சலித்துக்கொள்ளுங்கள்.

10 கிராம் பொடிக்கு 100 மி.லி. கரைப்பான் என்பது வழக்கமான விகிதம். ஹெக்சேன், எத்தில் அசிட்டேட், 70 சதவீத எத்தனால் என்று வரிசையாக எடுத்தால் எண்ணெய்த் தன்மையுள்ளவை முதலிலும் துவர்ப்புள்ளவை கடைசியிலும் பிரிந்து வரும். ஷேக்கரில் 72 மணி நேரம் வைத்து, வாட்மேன் 1 தாளில் வடிகட்டி, ரோட்டரி எவாப்பரேட்டரில் 40 டிகிரியில் கரைப்பானை வெளியேற்றுங்கள்.

எல்லோரும் தவிர்க்கும் சாறு ஒன்று உண்டு: தண்ணீர்ச் சாறு. குச்சியை மெல்பவர் வாயில் நடப்பது எச்சிலில் ஊறுவதுதான், மெத்தனாலில் ஊறுவது அல்ல. பழமொழியைச் சோதிப்பதாகச் சொன்னால் தண்ணீர்ச் சாறு இல்லாமல் ஆய்வு நிறைவடையாது. அறை வெப்பத்தில் மூன்று நாள் தண்ணீரில் ஊறவைத்தால் வேறு கிருமிகள் பெருகிவிடும். 4 டிகிரியில் ஓர் இரவு ஊறவைத்து, வடிகட்டி, உறைநிலையில் உலர்த்திப் பொடியாக்குங்கள். கொதிக்கவைத்த கஷாயம் இதிலிருந்து வேறு சாறு; அதைத் தனியாகக் கணக்கிடுங்கள்.

கிடைத்த சாற்றை எடை போட்டு, எடுத்த பொடியில் எத்தனை சதவீதம் என்று எழுதுங்கள். காற்றுப் புகாத, வெளிச்சம் படாத குப்பியில் மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள்.

சோதனைக்கு 1 மி.லி. டிஎம்எஸ்ஓ (டைமெத்தில் சல்ஃபாக்சைடு) கரைப்பானில் 100 மி.கி. சாறு என்ற கரைசல் தயாரிக்கலாம். தண்ணீர்ச் சாற்றை மட்டும் தண்ணீரிலேயே கரையுங்கள். வடிகட்டும்போது ஒரு கவனம் வேண்டும்: செல்லுலோஸ் அசிட்டேட், செல்லுலோஸ் நைட்ரேட் சவ்வுகளை டிஎம்எஸ்ஓ கெடுத்துவிடும், நைலான் சவ்வில் பாலிஃபீனால்கள் ஒட்டிக்கொள்ளும். நீரை ஏற்கும் வகை பிடிஎஃப்இ சவ்வு, 0.22 மைக்ரான், இதற்குப் பொருத்தம். சாற்றை ஆட்டோகிளேவில் வைக்காதீர்கள். கரைசலின் பிஎச்சையும், பாக்டீரியா வளர்க்கும் திரவ ஊடகமான பிராத்தில் கலந்தபின் உள்ள பிஎச்சையும் பாருங்கள். புளிப்பால் வந்த தடையைச் செடியின் தனித் திறனாக எழுதிவிடக் கூடாது.

படி 4: கல்ச்சரைத் தயார் செய்தல்

பிரெய்ன் ஹார்ட் இன்ஃப்யூஷன் பிராத், 37 டிகிரி, 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. அந்த வகை இன்குபேட்டர் இல்லையென்றால் மூடிய ஜாடிக்குள் மெழுகுவத்தியை எரித்து அணையவிடும் முறையே போதும்.

சோதனைக்கு 0.5 மெக்ஃபார்லண்ட் கலங்கல் வேண்டும் (கலங்கலின் அடர்த்தியைச் சொல்லும் அளவுகோல் இது). 625 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சல் 0.08 முதல் 0.13 வரை. ஒரு மி.லி.க்குச் சுமார் 15 கோடி செல்கள் என்பது இதன் வழக்கமான கணக்கு. மியூட்டன்ஸ் சங்கிலியாகவும் கட்டியாகவும் சேர்ந்துகொள்வதால் கணக்கு எளிதில் தவறும். சர்க்கரை சேர்க்காத பிராத்தில் வளர்த்து, நன்றாக வோர்டெக்ஸ் செய்து, பிறகு அளவெடுங்கள்.

படி 5: அகார் குழி முறை, அதன் எல்லை தெரிந்து

90 மி.மீ. பிளேட்டில் 25 மி.லி. ஊற்றினால் 4 மி.மீ. ஆழம் வரும். கலங்கலை ஸ்வாப்பால் மூன்று திசையில் தடவி, 6 மி.மீ. குழி வெட்டி, 50 மைக்ரோலிட்டர் ஊற்றுங்கள். ஒரு குழியில் டிஎம்எஸ்ஓ மட்டும், ஒன்றில் வாய் கொப்பளிக்கும் கிருமிநாசினியான குளோர்ஹெக்சிடின்.

இதிலிருந்து தெரிவது 'ஏதோ இருக்கிறது' என்பது மட்டுமே. சாற்றிலுள்ள பொருள் அகாருக்குள் எவ்வளவு தூரம் ஊர்கிறது என்பதும் ஜோனின் அளவைத் தீர்மானிக்கிறது. எண்ணெய்த் தன்மையுள்ள சாறு குழியிலேயே நின்றுவிடும். பெரிய டானின் மூலக்கூறுகள் ஊடகத்தின் புரதத்தோடு பிணைந்து நகராமல் கிடக்கும். அதனால் ஜோன் இல்லாத சாற்றை ஒதுக்கவும் கூடாது, 18 மி.மீ. வந்த சாறு 12 மி.மீ. வந்ததைவிட வலிமையானது என்று சொல்லவும் கூடாது.

குளோர்ஹெக்சிடினோடு ஒப்பிடும் வாக்கியம் இன்னும் ஆபத்தானது. 0.2 சதவீதக் கரைசலில் 50 மைக்ரோலிட்டர் என்றால் 0.1 மி.கி. மருந்து. 100 மி.கி. கரைசலில் அதே 50 மைக்ரோலிட்டர் என்றால் 5 மி.கி. சாறு. ஐம்பது மடங்கு அதிகம் ஊற்றிவிட்டு 'குளோர்ஹெக்சிடினுக்கு இணையானது' என்று எழுதிய முடிவுரைகளைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

படி 6: எம்ஐசி, உண்மையான அளவுகோல்

வளர்ச்சியை நிறுத்தும் மிகக் குறைந்த செறிவுதான் எம்ஐசி. 96 குழித் தட்டில் இப்படிச் செய்யுங்கள்.

1. 100 மி.கி. கரைசலைப் பிராத்தில் 50 மடங்கு நீர்த்துப்போகச் செய்யுங்கள். இப்போது மி.லி.க்கு 2 மி.கி. சாறு, 2 சதவீதம் டிஎம்எஸ்ஓ.
2. முதல் குழியில் இதை 200 மைக்ரோலிட்டர் விடுங்கள். 2 முதல் 10 வரையுள்ள குழிகளில் வெறும் பிராத் 100 மைக்ரோலிட்டர்.
3. முதல் குழியிலிருந்து 100 எடுத்து இரண்டாவதில் கலந்து, அதிலிருந்து 100 எடுத்து மூன்றாவதில், இப்படியே பத்தாவது வரை போய், கடைசி 100-ஐ வெளியேற்றுங்கள்.
4. 0.5 மெக்ஃபார்லண்ட் கலங்கலில் 100 மைக்ரோலிட்டரை 14.9 மி.லி. பிராத்தில் கலந்தால் மி.லி.க்கு 10 லட்சம் செல். ஒவ்வொரு குழியிலும் இதை 100 மைக்ரோலிட்டர் சேருங்கள். இறுதியில் மி.லி.க்கு 5 லட்சம் செல். சாறு 1000 மைக்ரோகிராமில் தொடங்கி ஏறக்குறைய 2 வரை இறங்கும்.
5. 11-வது குழியில் 1 சதவீதம் டிஎம்எஸ்ஓ-வுடன் பாக்டீரியா. 12-வதில் பிராத் மட்டும்.

மூன்று வரிசைகளில் இதே அமைப்பு. நான்காவது வரிசையில் அதே நீர்த்தல், ஆனால் பாக்டீரியாவுக்குப் பதில் வெறும் பிராத். இந்த வரிசையைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். கருவேலம்பட்டைச் சாறு செம்பழுப்பாக இருக்கும். பிராத்தின் புரதத்தோடு சேர்ந்து தானாகவே கலங்கும். பாக்டீரியா இல்லாமலே கலங்கும் குழியைப் பார்த்தால்தான் மற்ற வரிசையில் நீங்கள் காண்பது வளர்ச்சியா, வீழ்படிவா என்று புரியும். குளோர்ஹெக்சிடினுக்கும் ஒரு வரிசை ஒதுக்குங்கள்.

செல் எண்ணிக்கை சரியா என்று பார்க்க, ஊற்றி முடித்த உடனேயே 11-வது குழியிலிருந்து 10 மைக்ரோலிட்டரை 10 மி.லி. சலைனில் கலந்து, அதில் 100-ஐ அகாரில் பரப்புங்கள். சுமார் 50 காலனி வர வேண்டும். 5 வந்தாலோ 500 வந்தாலோ அந்தத் தட்டின் முடிவை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

24 மணி நேரம் கழித்துப் பலரும் ரிசாசுரின் சேர்ப்பார்கள். நீலம் இளஞ்சிவப்பானால் உயிருள்ள செல் இருக்கிறது என்று பொருள். ஆனால் துவர்ப்புச் சாறுகள் தாமாகவே அந்தச் சாயத்தை நிறம் மாற்றக்கூடியவை. நான்காவது வரிசையிலும் ரிசாசுரின் சேர்த்துப் பாருங்கள். அங்கேயும் இளஞ்சிவப்பு வந்தால் அந்தச் சாற்றுக்கு இந்தச் சாயம் உதவாது. காலனி எண்ணுவதுதான் வழி.

கொல்லும் செறிவைக் காண, தெளிவாக உள்ள குழிகளிலிருந்து 10 மைக்ரோலிட்டரை அகாரில் பரப்புங்கள். தொடக்கத்தில் அந்த 10 மைக்ரோலிட்டரில் சுமார் 5,000 செல் இருந்தது. 99.9 சதவீதம் அழிந்தது என்றால் 5 காலனிக்கு மேல் வரக்கூடாது. இந்தச் செறிவு எம்ஐசி-யின் நான்கு மடங்குக்குள் இருந்தால் கொல்லும் தன்மை என்று சொல்லலாம்.

சுத்திகரிக்காத சாறுக்கு எம்ஐசி மி.லி.க்கு 100 மைக்ரோகிராமுக்குக் கீழே வந்தால் கவனிக்கத்தக்கது. 1000-ஐத் தாண்டினால் ஆர்வம் குறைந்துவிடும் என்பது துறையில் பரவலாக உள்ள கருத்து. வாய் கொப்பளிக்கும் நீர் மேற்பூச்சாகத்தான் பயன்படுகிறது என்பதால் 500 வந்தாலும் நான் தூக்கிப்போட மாட்டேன். 25 மி.கி. வந்தால், அதைச் சொல்லிவிட்டு அடுத்த செடிக்குப் போவது நல்லது.

படி 7: டானினை நீக்கிவிட்டு மறுபடியும்

ஆலும் வேலும் டானின் நிறைந்தவை. டானின் எந்தப் புரதத்தையும் பிடித்துக்கொள்ளும். பிராத்திலுள்ள உணவைப் பிடித்துக்கொண்டாலும் பாக்டீரியா வளராது. டானினைப் பிடித்துக்கொள்ளும் பிவிபிபி பொடியோடு சாற்றைக் கலக்கி, மையவிலக்கில் சுழற்றி, மேலே தெளிந்ததை எடுத்து மீண்டும் எம்ஐசி பாருங்கள். செயல் மறைந்துவிட்டால் அது டானினோ வேறு பாலிஃபீனாலோ செய்த வேலை. அதனால் செடி தோற்றுவிட்டது என்று ஆகாது. எச்சிலிலும் புரதங்கள் உண்டு; டானின் வாயில் போனதும் அதனோடு சேர்வதைத்தான் துவர்ப்பு என்று உணர்கிறோம். ஆகவே எச்சில் சேர்த்த நிலையிலும் சோதித்து, செயல் மிஞ்சுகிறதா என்று பார்க்க வேண்டும்.

படி 8: பல்லில் இருப்பது படலம்

மிதக்கும் செல்லைக் கொல்வது சுலபம். பற்படலத்துக்குள் குளுக்கான் போர்த்திக்கொண்ட செல் பல மடங்கு அதிகச் செறிவையும் தாங்கும். அடி தட்டையான 96 குழித் தட்டில், 1 சதவீதம் சுக்ரோஸ் சேர்த்த பிராத்தில் 24 மணி நேரம் வளர்த்தால் படலம் உருவாகும். சாற்றை முதலிலேயே சேர்த்தால் படலம் உருவாவதைத் தடுக்கிறதா என்பது தெரியும். உருவான பிறகு சேர்த்தால் கலைக்கிறதா என்பது தெரியும். இரண்டையும் செய்யுங்கள்.

தடுப்புச் சோதனையில் எம்ஐசி அளவில் படலம் வராததில் வியப்பில்லை, செல்லே வளரவில்லையே. எம்ஐசி-யில் பாதி, கால் பங்கு அளவுகளைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். செல் எண்ணிக்கை கன்ட்ரோலுக்குச் சமமாக இருந்தும் படலம் மட்டும் குறைந்தால், குளுக்கான் நொதியைச் சாறு தடுக்கிறது என்று சந்தேகிக்கலாம். பாலிஃபீனால்கள் அந்த நொதியைத் தடுக்கக்கூடியவை. பழமொழியின் உண்மை இருந்தால் இங்கேதான் இருக்கும் என்பது என் எண்ணம்.

0.1 சதவீதக் கிரிஸ்டல் வயலட் சாயம், 15 நிமிடம், மென்மையாகக் கழுவி, 33 சதவீத அசிட்டிக் அமிலத்தில் கரைத்து 595 நானோமீட்டரில் அளக்கலாம். இந்தச் சாயம் செத்த செல்லிலும் ஏறும். எனவே இணையாக இன்னொரு தட்டில் படலத்தைச் சுரண்டிக் காலனி எண்ணுங்கள். வசதி இருந்தால் எச்சில் பூசிய ஹைட்ராக்ஸி அபடைட் (பல் எனாமலின் தாது) வில்லைகளில் படலம் வளர்ப்பது பல்லுக்கு இன்னும் நெருக்கம்.

அமிலத்தையும் விடாதீர்கள். கழுவிய செல்லுக்கு 1 சதவீதம் குளுக்கோஸ் கொடுத்து, பிஎச் 7.2-லிருந்து எப்படி இறங்குகிறது என்று ஒரு மணி நேரம், சில நிமிடங்களுக்கு ஒருமுறை குறியுங்கள். சாறு சேர்த்த குழாயில் பிஎச் 5.5-க்கு மேலேயே நின்றால் அதுவே பெரிய செய்தி.

படி 9: நேரமும் பாதுகாப்பும்

எம்ஐசி 24 மணி நேரத் தொடர்பைச் சொல்கிறது. வாய் கொப்பளிப்பது 30 வினாடியோ ஒரு நிமிடமோதான். எம்ஐசி-யின் நான்கு மடங்குச் செறிவில் 1, 5, 30 நிமிடங்களில் மாதிரி எடுத்து, உடனே நூறு மடங்கு நீர்க்கச் செய்து சாற்றின் வேலையை நிறுத்தி, காலனி எண்ணுங்கள்.

ஈறின் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களில் நச்சுத்தன்மையும் பார்க்க வேண்டும். உயிருள்ள செல்லை நிறமாற்றத்தால் காட்டும் எம்டிடி சாய முறையில் செல் இல்லாத குழியையும் வையுங்கள். ரிசாசுரினுக்குச் சொன்ன அதே காரணம்தான். கிருமியைக் கொல்லும் செறிவும் ஈறைப் புண்ணாக்கும் செறிவும் ஒன்றாக இருந்தால் அந்தச் சாற்றை வாயில் வைக்க முடியாது. 'இயற்கையானது, எனவே பாதுகாப்பானது' என்ற வாக்கியத்துக்கு ஆய்வறிக்கையில் இடமில்லை.

படி 10: எழுதுதல்

ஒரே நாளில் ஒரே கல்ச்சரில் போட்ட மூன்று வரிசை என்பது ஒரே சோதனைதான். வெவ்வேறு நாளில், புதுக் கல்ச்சரில் மூன்று முறை திரும்பச் செய்யுங்கள். எம்ஐசி இரட்டை இரட்டையாக இறங்கும் எண் என்பதால் சராசரியும் திட்ட விலக்கமும் போடாமல் இடைநிலை மதிப்பைக் கொடுங்கள். மூன்று முறையில் ஒரு குழி அளவு முன்பின் வருவது இயல்பு.

தாவரச் சாறுக்கு எந்த அமைப்பும் எல்லைக்கோடு வகுக்கவில்லை. எனவே பாக்டீரியாவை 'சென்சிட்டிவ்', 'ரெசிஸ்டன்ட்' என்று வகைப்படுத்தாதீர்கள். எண்ணை மட்டும் கொடுங்கள். வேலை செய்யாத சாறுகளையும் அட்டவணையில் சேருங்கள். அடுத்து வரும் மாணவர் அதே பட்டையை மறுபடியும் அரைத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

பிளேட்டுகளையும் தட்டுகளையும் 121 டிகிரியில் ஆட்டோகிளேவ் செய்த பிறகே மருத்துவக் கழிவாக அனுப்புங்கள். மிஞ்சிய சாற்றுப் பொடியைக் கொட்டிவிடாதீர்கள்: மரத்தின் சான்று எண், பறித்த தேதி, கரைப்பான், மகசூல் ஆகியவை எழுதிய லேபிளோடு ஃப்ரீசரில் வையுங்கள். பயன்படுத்திய கல்ச்சரையும் 20 சதவீத கிளிசராலில் மைனஸ் 80 டிகிரியில் வைத்தால், உங்கள் முடிவைச் சரிபார்க்க விரும்பும் எவருக்கும் இரண்டையும் எடுத்துக் கொடுக்கலாம்.